மிளகு மூட்டையும் ஆனந்தராசாவும்

ஹம்
ஜேர்மனி, 17.06.2025

அன்புத் தங்கச்சி சுகன்யாதேவிக்கு,

போனில என்னை மறிச்சுப்போட்டாய். குடும்பக் குறூப்பிலயிருந்தும் தூக்கிப்போட்டாய். சரி. ஆனா தபால்காரனை மறிக்க உனக்கு ஏலாது. மஞ்சள் சைக்கிளில வந்தே தீருவான். அதாலதான் பேனையைத் தூக்கினன். எட்டாம் வகுப்போட நிண்டவன்ர எழுத்து, பிழை கிடக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில நீ பிள்ளையளுக்குப் போடுற மாதிரி எனக்கும் சிவப்புப் பேனையால பத்துக்கு இரண்டு போட்டு வை.

கப்பல் விசயத்தை நீ ஆரோ சொல்லித்தான் கேட்டிருப்பாய். என்ர வாயாலயும் கேள்.

என்னோட கேபிள் பக்ரறியில வேலை செய்த டீற்றரை உனக்குத் தெரியும். நீ கிண்டின தொதல் இனிப்புத் துண்டைச் சோப்புக்கட்டி எண்டு நினைச்சு மணந்து பாத்தவன். அவன்ர தம்பி யூர்கன், பென்சன் எடுத்த வாத்தி. பிறேமனுக்கு அங்கால ஒரு சின்ன ஆத்துத் துறைமுகத்தில அவனும் அவனைப் போலக் கொஞ்சக் கிழவங்களும் சேர்ந்து பழைய காலத்து வியாபாரக் கம்பனிக் கப்பல் ஒண்டை அச்சு அசலாய்க் கட்டி வைச்சிருக்கிறாங்கள். மூண்டு பாய்மரம். இந்தியா, இலங்கைப் பக்கம் போய் மிளகு, கறுவா, துணி ஏத்திக்கொண்டு வந்த சாதிக் கப்பல். ஒவ்வொரு சனியும் பின்னேரம் கரையில சனம் கூடும், கப்பலில நாடகம் நடக்கும். போகேக்க ஏறின வெள்ளைக்காரரில கனபேர் வழியில காய்ச்சலில செத்துப்போயிடுவாங்களாம். திரும்பி வாறதுக்கு ஆள் காணாமல் எங்கட கரையளில ஆக்களைப் பிடிச்சு ஏத்தினவங்களாம். அப்பிடி ஏத்தின ஒருத்தன்தான் நான். சனத்துக்குக் குடுக்கிற கடதாசியில "இந்திய மாலுமி" எண்டு கிடக்கு. நான் இந்தியன் இல்லை எண்டன். அந்தக் காலத்தில எல்லாம் ஒண்டுதான் எண்டான் யூர்கன். பேராவது போடன் எண்டன். அப்ப ஒருத்தரும் அவங்களின்ர பேரைக் கேக்கேல்லை, நாங்களும் போடேல்லை எண்டான்.

வேலை சுகம். யூர்கன் தொப்பி போட்டுக்கொண்டு கப்டன் மாதிரிக் கத்துவான். நான் வெறுங்காலோட மிளகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேல வந்து, அவனைப் பாத்துத் தமிழில ஏசவேணும். என்ன சொல்லுறது எண்டு கேட்டன். "என்னவும் சொல்லு, உன்ர பாசையாய் இருந்தால் சரி, ஒருத்தருக்கும் விளங்காது" எண்டான்.

முதல் இரண்டு கிழமையும் றெயில் நிக்கிற ஊர்ப் பேரெல்லாம் ஏசுற மாதிரிச் சொன்னன். மூன்ஸ்ரர்! ஒஸ்னாபுறூக்! சனம் நல்லாய்க் கை தட்டினது. பேந்து எனக்கே அலுத்துப்போச்சு. வீட்டுக் கதை கதைச்சன்.

அண்டைக்குக் கரையில ஸ்டுட்கார்ட் யாகோப்பு குடும்பத்தோட விடுமுறைக்கு வந்து நிப்பான் எண்டு ஆர் கண்டது?

கோபம் ஆறினால் ஒரு வரி போடு.

அண்ணை,
கணேசலிங்கம்

---

ஸ்டுட்கார்ட்
23.06.2025

அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிரிப்பு வரவில்லை.

யாகோப்பு எடுத்த வீடியோவை இந்த ஊரில் பார்க்காத தமிழர் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்வரை பார்த்துவிட்டார்கள். நீங்கள் சொன்னதை நானே எழுதிக் காட்டுகிறேன், படித்துப் பாருங்கள்: "டேய் யூர்கன், உன்ர கம்பனியைவிட எங்கட ஆனந்தராசா கெட்டிக்காரன்டா. உவங்கள் மிளகை மட்டும்தான் ஏத்தினவங்கள். அவர் மிளகோட மாப்பிளையையும் ஏத்துறார். கார்ல்ஸ்ரூஹேயில ஏத்தி ஸ்டுட்கார்ட்டில தன்ர கடைக்கு மேல இறக்கப்போறார். பெடியன் வேண்டாமெண்டு அழுறான், ஆர் கேக்கினம்? மூட்டை அழுதால் கேக்கிறவங்களோ!"

ஆனந்தராசா அண்ணை கொழும்பிலிருந்து மசாலாச் சாமான் இறக்கி விற்று முன்னுக்கு வந்தவர். ஒரே மகள் கவிசா. எங்கள் நிசாந்துக்கும் அவளுக்கும் ஒருவரையொருவர் பிடித்துத்தான் இந்தப் பேச்சே தொடங்கியது. கல்யாணம் முடிந்ததும் நிசாந் தன் கார்ல்ஸ்ரூஹே ஆய்வுகூட வேலையை விட்டுவிட்டுக் கடையைப் பார்ப்பான், இருவரும் மேல்மாடியில் இருப்பார்கள் என்று இரண்டு வீட்டாரும் இருந்து பேசியதுதான். நிசாந்தும் பக்கத்தில் இருந்தான். மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அவர் எனக்குப் போன் எடுத்துச் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, உங்கட மகனை நான் கடத்திக்கொண்டு போகேல்லை. அழுற மாப்பிளை எனக்கு வேண்டாம்." யூலை பன்னிரண்டில் வைத்திருந்த நிச்சயதார்த்தம் நின்றுபோயிற்று.

நீங்கள் அவருக்கு எழுதவேண்டும். நிசாந் அப்படி எதுவும் சொல்லவில்லை, எல்லாம் நீங்களாகவே நாடகத்துக்கு இட்டுக்கட்டியது என்று எழுதுங்கள். மன்னிப்பும் கேளுங்கள்.

இன்னொன்று. அது இட்டுக்கட்டியதுதானே? அவன் என்னிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லியிருப்பானா?

சுகன்யாதேவி

---

ஹம்
29.06.2025

அன்புத் தங்கச்சி,

கடிதத்தில ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஏச்சையும் இவ்வளவு வடிவாய் எழுதுறவள் நீ ஒருத்திதான்.

நீ சொன்ன மாதிரி ஆனந்தராசாவுக்கு எழுதிப்போட்டன். "உங்களைப் பழைய காலத்துக் கம்பனியோட ஒப்பிட்டது பிழை. அந்தக் கம்பனியெல்லாம் எப்பவோ நொடிஞ்சு மூடிப்போச்சு, உங்கட கடை நல்லாய்த்தான் ஓடுது. மன்னிக்கவும்" எண்டு எழுதினன். மரியாதையாய்த்தான் எழுதினன். கீழ உன்ர அண்ணன் எண்டும் போட்டன்.

இட்டுக்கட்டினது எண்டு மட்டும் எழுதேல்லை. ஏலாது. உனக்கும் பொய் சொல்ல ஏலாது. ஈஸ்டருக்கு நிசாந் இஞ்ச வந்து நிண்டவன். குசினிக்குள்ள நிண்டு எனக்கு வெங்காயம் வெட்டித் தந்துகொண்டு சொன்னவன். ஆய்வுகூடத்தை விடச் சொல்லுறாங்கள் மாமா, எனக்கு அதைத் தவிர ஒண்டும் தெரியாது, கடையில நிண்டால் மல்லிக்கும் சீரகத்துக்கும் நடுவில செத்துப்போவன் எண்டான். பெட்டையை அவனுக்கு உயிர். அதாலதான் வாயைத் திறக்கேல்லை.

நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு அவனுக்குச் சொன்னனான். சனத்துக்கு விளங்காத பாசையில சொன்னால் அது சொன்னதில்லை எண்டு நினைச்சுப்போட்டன். உனக்குச் சிரிப்பு வராது, தெரியும்.

அண்ணை

---

ஸ்டுட்கார்ட்
05.07.2025

அண்ணைக்கு,

உங்கள் மன்னிப்புக் கடிதத்தை ஆனந்தராசா அண்ணை தன் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறாராம். "நொடிஞ்சுபோச்சு" என்ற இடத்தில் நிறுத்தி, "பாருங்கோ, என்ர கடை எப்ப மூடும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறார்" என்கிறாராம்.

கவிசா நிசாந்தின் அழைப்பை எடுக்கவில்லை. நிசாந் என் அழைப்பை எடுக்கவில்லை. நான் உங்களுடையதை எடுக்கவில்லை. எங்கள் குடும்பம் இப்போது இப்படித்தான் இருக்கிறது.

இருபத்தொன்பது வருடம் ஒரு பிள்ளையைச் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன். அவன் அழுததை நான் ஒரு வீடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது. அதுவும் காலில் செருப்பில்லாமல், சாக்குச் சட்டை போட்டுக்கொண்டு வெள்ளைக்காரனின் மூட்டை சுமக்கிற உங்கள் வாயால். எழுபத்துமூன்று வயதில் உங்களுக்கு இந்த வேஷம் தேவையா? அவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது உங்களுக்கு விளங்கவில்லையா?

இனி எழுதவேண்டாம்.

சுகன்யாதேவி

---

ஹம்
14.07.2025

அன்புத் தங்கச்சி,

எழுதவேண்டாம் எண்டாய். இது நான் எழுதுறதில்லை, நடந்ததைச் சொல்லுறது.

முந்தநாள் சனி. நிச்சயதார்த்தம் நடக்கவேண்டிய நாள் எண்டு எனக்கும் ஞாபகம் இருந்தது. வீட்டுக் கதை இனி ஒண்டும் கதைக்கிறதில்லை, பழையபடி மூன்ஸ்ரர், ஒஸ்னாபுறூக்தான் எண்டு நினைச்சுக்கொண்டு போனன். யூர்கன் கத்தினான். மூட்டையோட மேல வந்தன். உள்ள வைக்கோல்தான், ஆனா பாரம் மாதிரி முக்கவேணும். முக்கிக்கொண்டு நிமிர்ந்தால் கரையில கயித்துக்குப் பக்கத்தில ஒரு பெட்டை, நீல மழைக்கோட்டு, என்னையே பாத்துக்கொண்டு நிக்குது.

"கணேசலிங்கம் மாமா!" எண்டு அங்கயிருந்து கூப்பிட்டுது.

"ஆர் பிள்ளை நீ?"

"மிளகோட மாப்பிளையையும் ஏத்தினவற்ர மகள்."

எனக்கு மூட்டை கையால நழுவப் பாத்தது. கவிசாவைப் படத்தில மட்டும்தானே பாத்தனான். படத்தில பயந்த பிள்ளை மாதிரி நிண்டது. நேரில அப்பிடியில்லை.

"மூட்டையை வைச்சுப்போட்டுக் கதையுங்கோ. நாரி பிடிச்சு முதுகு நிமிராமல் போகப்போகுது."

"உள்ள வைக்கோல் பிள்ளை. ஆருக்கும் சொல்லிப்போடாதை."

"நீங்கள்தான் ஒருத்தருக்கும் சொல்லாத ஆள்!"

நல்லாய் வாங்கிக் கட்டினன். சனம் விலகி அவளுக்கு இடம் விட்டுது. அவளும் நாடகத்தில ஒராள் எண்டு நினைச்சிட்டுதுகள். யூர்கன் பின்னால வந்து "அருமை, அருமை, விடாதை" எண்டு என்ர காதுக்குள்ள சொல்லுறான்.

"நிசாந் தன்ர வாயால சொன்னவரோ? இல்லாட்டி நீங்கள் சும்மா அவிட்டு விட்டதோ?"

அந்த இடத்தில உனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"ஓம் பிள்ளை, சொன்னவன்."

"அழுதவரோ?"

"வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டவன். எதுக்கு அழுதான் எண்டு நான் எப்பிடிச் சொல்ல?"

அது சிரிக்கேல்லை. "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உனக்கு அந்த மேல்வீடு விருப்பமெண்டு நினைச்சவன்."

ஆத்தில ஒரு நீராவி வள்ளம் கூவிக்கொண்டு போச்சு. அதைப் போகவிட்டுப் பெட்டை சொல்லிச்சுது, "அப்பா அதைக் கட்டின நாளிலயிருந்து அந்தக் கடையை விட்டு எப்பிடி வெளிக்கிடுறது எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன் மாமா. நிசாந்துக்கு விருப்பமாக்கும் எண்டுதான் நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்."

"ரெண்டு பேரும் பொத்திக்கொண்டு இருந்தால் மூட்டை தன்ர பாட்டில ஏறத்தானே செய்யும்?"

"கீழ இறங்கி வாங்கோ, ஒரு கோப்பி குடிப்பம்."

"ஏலாது பிள்ளை, நான் இப்ப கம்பனியின்ர ஆள். அஞ்சு மணிக்குத்தான் அவிட்டு விடுவாங்கள்."

சனம் கை தட்டின தட்டு, நீ கேட்டிருக்கவேணும். யூர்கன் மணியடிச்சான். அந்தப் பெட்டையை எங்க பிடிச்சனி, அடுத்த கிழமையும் வருமோ எண்டு கேக்கிறான். அது சம்பளம் கூடக் கேக்கும் எண்டன்.

அஞ்சு மணி வரைக்கும் நிண்டுது. கோப்பி குடிச்சம். கேக் துண்டு ரெண்டு திண்டுது. நிசாந்துக்கு போன் எடுக்கேல்லை. நேர கார்ல்ஸ்ரூஹேக்கு எந்த றெயில் எண்டு மட்டும் கேட்டுது. நான்தான் ஏத்திவிட்டனான்.

வேஷம் தேவையோ எண்டு கேட்டாய். நீ சொன்ன மாதிரிச் சிரிக்கிறாங்கள்தான். நானும் அவங்களைப் பாத்துத்தான் சிரிக்கிறனான். ஆர் கூடச் சிரிக்கிறது எண்டு இன்னும் கணக்குப் பாக்கேல்லை.

அண்ணை

---

ஸ்டுட்கார்ட்
03.08.2025

அண்ணைக்கு,

பதில் எழுதத் தாமதமானது. எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பிள்ளைகளும் போன மாதக் கடைசியில் ஒன்றாக வந்தார்கள். என் சமையலறை மேசையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார்கள். நிசாந் வேலையை விடமாட்டான். கவிசாவுக்குக் கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயே ஒரு வீடும் பார்த்துவிட்டார்கள். என்னைக் கேட்டுப் பார்க்கவில்லை, பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

நிசாந்திடம் கேட்டேன், ஏன் மாமாவிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை என்று. "மாமா பகிடியாய் எடுப்பார் அம்மா. நீங்கள் பிரச்சினையாய் எடுப்பீங்கள்" என்றான். அதற்குப் பிறகு நான் தேத்தண்ணி போட எழுந்துவிட்டேன்.

இங்கே வருவதற்கு முன்பே கவிசா ஆனந்தராசா அண்ணையைச் சம்மதிக்க வைத்துவிட்டாள், அதற்கு இரண்டு கிழமை பிடித்தது. அவள் அழுது கேட்கவில்லை. கடைக்கு ஒரு ஆளைப் பிடித்து, வேலை பழக்கி, அவருக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாள். செப்டம்பர் பதின்மூன்றில் கார்ல்ஸ்ரூஹேயில் கல்யாணம். சின்ன மண்டபம்.

அவர் ஒரு நிபந்தனைதான் போட்டார். எல்லாவற்றுக்கும் இறங்கிவந்தவர் அதில் மட்டும் இறங்கவில்லை. நீங்கள் வரக்கூடாது. ஊர் முழுக்கத் தன்னைப் பார்த்துச் சிரித்தபோது தான் கடையில் நின்று மிளகு நிறுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மகளைத் தாரைவார்க்கத் தன்னால் முடியாது என்றார்.

நிசாந் சண்டைக்குப் போனான். கவிசாவும்தான். நான்தான் நிறுத்தினேன். நான் ஓம் என்றுவிட்டேன், அண்ணை.

முதல்நாள் நிசாந்தின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துப் பால் அறுகு செய்யத் தாய்மாமன் வேண்டும். உங்கள் இடத்தில் குணசேகரத்தை நிற்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்றுவிட்ட தம்பி என்றாலும் அவனும் எனக்குச் சகோதரம்தானே என்று ஐயர் சொன்னார்.

இதைப் போனில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சுகன்யா

---

ஹம்
10.08.2025

அன்புத் தங்கச்சி,

நல்ல செய்தி.

குணசேகரமோ? அவனுக்குக் கண்ணாடி போட்டாலும் பெடியன்ர தலை எது, தோள் எது எண்டு தெரியாது. பாலை அவன்ர காதுக்குள்ள விடப்போறான். துவாய் ஒண்டு கூட வைச்சுக்கொள்.

ஆனந்தராசாவில பிழை இல்லை. எனக்கு ஆரும் அப்பிடிச் செய்திருந்தால் நான் கலியாணத்தையே குழப்பியிருப்பன். அந்த மனிசன் ஒருத்தனை மட்டும்தான் வேண்டாமெண்டவர். அவரிட்டச் சொல்லு, மலிவாய் விட்டிட்டார் எண்டு. இல்லை, சொல்லாதை. அதையும் வாசிச்சுக் காட்டப்போறார்.

நீ ஓம் எண்டது சரி. இதுக்காக இன்னொரு கடிதம் எழுதி மன்னிப்புக் கேக்காதை. மன்னிப்புக் கடிதம் எழுதுறதில எங்கட குடும்பத்துக்குக் கைராசி இல்லை.

எனக்கும் அண்டைக்குச் சனிக்கிழமை. கப்பலில வேலை கிடக்கு.

அண்ணை

---

ஹம்
14.09.2025

அன்புத் தங்கச்சி,

நிசாந் படம் அனுப்பினவன். பெட்டை நல்ல வடிவு. நீ சிரிக்கிறாய், அது சீலையாலயோ மனசாலயோ எண்டு படத்தில தெரியேல்லை. ஆனந்தராசா நடுவில நிண்டு அழுறார். எனக்கு மனிசனை அப்பத்தான் பிடிச்சுது.

என்ர பக்கச் செய்தி ஒண்டுதான். அடுத்த சனியிலயிருந்து எனக்குக் கப்பலில வசனம் இல்லையாம். மூட்டை மட்டும்தானாம். ஏனெண்டு சொல்லுறன்.

நேற்றைக்கு மழை. கரையில கொஞ்சச் சனம்தான், எல்லாம் குடையோட. நீங்கள் அந்த நேரம் சாப்பிட்டு முடிச்சு வெத்திலை போட்டுக்கொண்டு இருந்திருப்பியள். யூர்கன் வழமை போலக் கத்தினான். மூட்டையோட மேல வந்து, அதை இறக்கி வைச்சுப்போட்டு அவனைப் பாத்தன். ஏசவேணும். வாயைத் திறந்தன், தமிழ் வரேல்லை. நாப்பது வருசம் பக்ரறியில கதைச்ச ஜேர்மன் பாசை, டொச்தான் வந்தது.

"இண்டைக்கு என்ர தங்கச்சியின்ர மகனுக்குக் கலியாணம்" எண்டு சொல்லிப்போட்டன். "நேற்று அவன்ர தலையில பால் வைக்கவேண்டியவன் நான்" எண்டும் சொன்னன். பால் அறுகுக்கு டொச்சில என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரியாது.

யூர்கன்ர முகம் கறுத்துப்போச்சு. கிட்ட வந்து மெல்லமாய்ச் சொன்னான்: "கணேஸ், நீ டொச் கதைக்கக்கூடாது. அந்தக் காலத்து மாலுமிக்கு டொச் தெரியாது. நீ சொல்லுறது சனத்துக்கு விளங்கினால் நாடகம் கெட்டுப்போயிடும்." வாத்தி எண்டாலும் நல்ல மனிசன். ஏசேல்லை, விளக்கினான்.

ஒருத்தரும் கை தட்டேல்லை. குடையளுக்குக் கீழ நிண்டு என்னைப் பாத்தபடி நிண்டுதுகள். முன்வரிசையில ஒரு கிழவி, நாயைக் கோட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு நிண்டது. அதுதான் கேட்டுது, சத்தமாய், பக்கத்து வீட்டு மனிசனைக் கேக்கிற மாதிரி:

"அப்ப நீ ஏன் இஞ்ச நிக்கிறாய்?"

எனக்கு எப்பவும் ஒரு பகிடி வாயில கிடக்கும். நீ ஏசினாலும் கிடக்கும், ஆனந்தராசா அடிக்க வந்தாலும் கிடக்கும். அந்த மனிசியின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன், ஒண்டும் வரேல்லை. நாயும் பாத்துது.

யூர்கன் மூட்டையைத் தூக்கு எண்டு கத்தினான்.

தூக்கினன்.

அண்ணை